கராத்தே வகுப்பில் ஒழுக்கம் விற்பனைக்கு இல்லை

தாம்பரத்திலிருந்து சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் போனாலும் சரி, பெருங்களத்தூரைத் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் போனாலும் சரி, முழு ஆண்டுத் தேர்வு முடிகிற சமயத்தில் மின்கம்பங்களில் கராத்தே வகுப்புத் தட்டிகள் முளைத்துவிடும். காலை உயர்த்தி உதைக்கும் ஒரு பையனின் படம், அதன் கீழே தன்னம்பிக்கை, கவனம், ஒழுக்கம், தற்காப்பு என்று நான்கு வாக்குறுதிகள், அதற்கும் கீழே ஒரு கைப்பேசி எண். நான்கில் தற்காப்பைப் பற்றிப் பெற்றோர் அதிகம் விசாரிப்பதில்லை. அவர்கள் பணம் கட்டுவது பெரும்பாலும் ஒழுக்கத்துக்காக. "சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறானா, கராத்தேல சேத்து விடுங்க, சரியாயிடுவான்" என்பது இன்று புறநகரில் அடுத்த வீட்டுக்காரர் முதல் வகுப்பாசிரியர் வரை யாரும் தயங்காமல் தருகிற ஆலோசனை. இந்த நம்பிக்கையைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. தற்காப்புக் கலைப் பயிற்சி ஒரு பிள்ளையைச் செம்மைப்படுத்தக்கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செம்மைப்படுத்துவது கலையின் பெயர் அல்ல. எவ்வளவு காலம், எத்தனை ஒழுங்காக, யாரிடம், எந்த முறையில் கற்கிறார்கள் என்பதுதான். இந்த நான்கையும் விட்டுவிட்டு உடையையும் பெல்ட்டையும் மட்டும் வாங்கினால் வீட்டுக்கு வருவது உடையும் பெல்ட்டும்தான்.

நம்பிக்கையின் முதல் ஆதாரம் கண்ணுக்குத் தெரிகிற காட்சி. வெள்ளை உடையில் நாற்பது பிள்ளைகள் வரிசை பிசகாமல் நின்று, இச்சி, நி, சான் என்ற எண்ணிக்கைக்கு ஒரே நேரத்தில் குத்துகிறார்கள். வீட்டில் ஐந்து நிமிடம் உட்காராத பையன் இங்கே சிலைபோல நிற்கிறானே என்று அம்மாவுக்கு வியப்பு. இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பு சற்றுக் குறையும். ஜப்பானின் ஒகினாவாவில் கராத்தே நெடுங்காலம் ஓர் ஆசான் சில சீடர்களுக்கு மட்டும் சொல்லித்தந்த கலை. 1901-இல் இதோசு அன்கோ என்ற ஆசான் அதைத் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1908-இல் அவர் கல்வி அதிகாரிகளுக்கு எழுதிய பத்து அம்சக் கடிதத்தில், பள்ளிப் பருவத்திலேயே உடலை இப்படி உரமேற்றினால் பிற்காலத்தில் ராணுவத்துக்குப் பயன்படும் என்பதும் ஒரு நியாயமாக வைக்கப்பட்டது. ரஷ்யாவோடு ஜப்பான் போரிட்டு முடித்திருந்த நேரம் அது. ஆக, நம் கல்யாண மண்டபங்களிலும் மொட்டை மாடிகளிலும் நாம் பார்க்கும் வரிசை, ஒரே சமயத்தில் நிறையப் பிள்ளைகளைச் சமாளிப்பதற்காகப் பள்ளிக்கூடம் கண்டுபிடித்த கவாத்து. அதில் தவறில்லை. ஆனால் கட்டளை போடுகிறவர் எதிரில் நிற்கும் ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பது வேறு, யாரும் சொல்லாமல் விடியற்காலையில் எழுந்து படிக்க உட்காருவது வேறு. வேடிக்கை என்னவென்றால், அதே கடிதத்தில் இதோசு கேட்டது தினமும் ஓரிரு மணி நேரம், மூன்று நான்கு ஆண்டுகள். வாரத்துக்கு இரண்டு நாள் நடக்கும் வகுப்புகள் அவருடைய வரிசையை எடுத்துக்கொண்டு ஆண்டுகளை விட்டுவிட்டன.

அடுத்த வாதம், ஆய்வுகளே நிரூபித்துவிட்டன என்பது. ஆய்வுகள் இருப்பது உண்மை. அவை சொல்வதைக் கடைசிவரை படிக்க வேண்டும். 1986-இல் மைக்கேல் ட்ரல்சன் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. தவறான வழியில் போயிருந்த பதின்வயதுப் பையன்கள் 34 பேரை அவர் மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு டேக்வாண்டோவை அதன் மரபான முறையில், தியானம், மரியாதை, கலையின் நெறி எல்லாம் சேர்த்துக் கற்றது. இரண்டாவது குழு அடிக்கும் உத்திகளை மட்டும் கற்றது. மூன்றாவது குழு ஓட்டமும் கூடைப்பந்தும். ஆறு மாத முடிவில் முதல் குழுவின் மூர்க்கம் குறைந்திருந்தது. இரண்டாவது குழுவின் மூர்க்கம் கூடியிருந்தது. கற்றது ஏறக்குறைய ஒரே கலை, விளைவு நேர் எதிர். நார்வேயில் எண்ட்ரசனும் ஓல்வியஸும் 477 சிறுவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கிழக்காசியத் தற்காப்புக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களிடம் சமூக விரோத நடத்தை கூடியதாகவே தெரிந்தது. அமெரிக்கா முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய கணக்கெடுப்பின் தரவை வைத்து 2009-இல் வந்த ஆய்வோ, தற்காப்பு வகுப்புக்குப் போவதால் வகுப்பறை நடத்தையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றது. இந்த மூன்றும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. நல்ல வகுப்பு நல்லது செய்கிறது, மோசமான வகுப்பு கெடுதல் செய்கிறது, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால் பூஜ்யம் வருகிறது என்பதே பொருந்துகிற விளக்கம். அப்படியானால் "கராத்தேல சேத்து விடுங்க" என்பது பாதி ஆலோசனைதான்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இங்கே எழும். லேக்ஸ், ஹாய்ட் என்ற இருவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அமெரிக்கப் பள்ளியின் 207 பிள்ளைகளிடம் மூன்றே மாதப் பயிற்சியில் சுயகட்டுப்பாடு கூடியதே? கூடியது. வழக்கமான உடற்கல்வி வகுப்புக்குப் போன பிள்ளைகளைவிட நன்றாகவே கூடியது. ஆனால் அந்தப் பயிற்சியில் பிள்ளைகளிடம் என்ன கேட்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நான் இப்போது எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பழக்கினார்கள். அதாவது மாஸ்டரின் கண்ணைப் பிள்ளைக்குள்ளேயே வைத்தார்கள். உதையும் குத்தும் அதற்கு ஒரு வாகனம். நம்மூர்த் தட்டியில் இந்த வேலை எங்கே இருக்கிறது?

கோபத்துக்கு வடிகால் என்ற பேச்சை நீளமாக மறுக்கத் தேவையில்லை. முரட்டுப் பிள்ளை மூட்டையைக் குத்தினால் கோபம் இறங்கிவிடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 600 மாணவர்களை வைத்துச் சோதித்தார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு. 2002-இல் வந்த முடிவு இது. கோபக்காரப் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டியது ஓங்கிய கையை நிறுத்துவதை.

பெல்ட்டுக்கு வருவோம். இதில்தான் வியாபாரம் இருக்கிறது. தரநிலைக்குப் பெல்ட் கட்டுவது கராத்தேயின் ஆதிச் சொத்தே அல்ல. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1880-களில் தன் மாணவர்களுக்கு முதல் டான் தகுதியைக் கொடுத்தார். அந்த முறையைக் கடன் வாங்கி ஃபுனகோஷி கிச்சின் என்ற கராத்தே ஆசான் 1924-இல் கராத்தேக்குக் கொண்டுவந்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று படிப்படியாக நிறம் ஏறுவது 1930-களில் ஐரோப்பிய ஜூடோவில் பரவியது. மாணவருக்கு ஊக்கம் தருவதற்கு நல்ல யோசனை. ஆனால் கராத்தேக்கு உலகத்தில் ஒற்றைத் தலைமைப் பீடம் கிடையாது. ஷோட்டோகான், கோஜு-ரியு, ஷிட்டோ-ரியு, இஷின்-ரியு என்று பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல சங்கங்கள். ஒவ்வொரு சங்கமும் தன் சான்றிதழைத் தானே அச்சடிக்கலாம். தேர்வு வைப்பவருக்கே தேர்வுக் கட்டணமும் போகிற இடத்தில் யாரையும் தோற்கடிக்காமல் இருப்பதே லாபம். தோற்க வாய்ப்பில்லாத தேர்வு பிள்ளைக்கு எதைக் கற்றுத்தரும்? மூன்று மாதம் கட்டணம் கட்டினால் அடுத்த நிறம் வரும் என்பதை. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில், மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது இருக்கும் இதே புறநகரில், வகுப்பு நடத்துகிறவர் உடற்கல்வி படித்தவரா, முதலுதவி தெரிந்தவரா என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை.

ஒழுக்கம் பழக்கத்திலிருந்து வருவதென்றால் கணக்கு வேறு மாதிரி. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 2010-இல் கண்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்ற அளவுக்கு வேறுபாடு. அதுவும் தினமும் செய்கிற செயலுக்கு. கோடை முகாமின் இருபது முப்பது நாளில் பெரும்பாலோருக்கு எதுவும் வேரூன்றாது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தரும் தற்காப்புப் பயிற்சியும் மூன்று மாதம்தான். ஓர் அறிமுகமாக அது வரவேற்கத்தக்கது, அதற்கு மேல் அதன்மீது எதையும் ஏற்ற முடியாது. வாரம் இரண்டு வகுப்பைவிட, வீட்டில் தினமும் பத்து நிமிடம் கட்டா எனப்படும் அசைவு வரிசை ஒன்றையே செய்துபார்ப்பது அதிகப் பலன் தரும். அதைச் செய்யச் சொல்கிற மாஸ்டரும் செய்தாயா என்று விசாரிக்கிற பெற்றோரும் அமைந்த பிள்ளை கொடுத்துவைத்த பிள்ளை.

"மாஸ்டர் சொன்னா மறுபேச்சு இல்லாம கேக்கிறான்" என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ்ப்படிதலை ஒழுக்கமென்று எடுத்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. பயிற்சியாளர்களே பிள்ளைகளிடம் அத்துமீறி 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் கைதான செய்திகள் தமிழ்நாட்டில் வந்திருக்கின்றன. பெரியவரை எதிர்த்துக் கேள்வி கேட்கவே கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளைதான் அத்தகைய நேரத்தில் வாயடைத்துப் போகும். தற்காப்பு கற்றுத்தரும் இடத்தில் வேண்டாம் என்று சொல்லக் கற்றுத்தராவிட்டால் அந்தத் தற்காப்புக்கு என்ன பொருள்?

இதெல்லாம் இறக்குமதிக் கலையின் கோளாறு, நம் சிலம்பத்தில் இப்படி வராது என்று ஒரு தரப்பு சொல்லும். சிலம்பத்தில் கம்பைக் கையில் தருவதற்கு முன்னால் காலடி வரிசையிலேயே பொறுமையைச் சோதிக்கிற ஆசான்கள் உண்டு. அந்த முறை கொண்டாடத்தக்கது. ஆனால் சிலம்பமும் இப்போது அதே சந்தைக்குள் வந்துவிட்டது. முதலமைச்சர் கோப்பையில் அது ஒரு போட்டி. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. கலைக்கு இது நல்ல காலம். கூடவே சான்றிதழுக்காக ஓடுகிற கூட்டமும், ஒரு மணி நேரம் இடைவிடாமல் கம்பு சுற்றி உலக சாதனைக் கேடயம் வாங்கித்தரும் ஏற்பாடுகளும் பெருகுகின்றன. மண்ணின் கலை என்பதால் மட்டும் அதற்கு விதிவிலக்கு கிடைக்காது.

எங்கள் தெருவில் ஒரு பையன் திருந்தியது கண்கூடு என்பவர்களுக்கும் பதில் உண்டு. ஐந்து ஆண்டு விடாமல் போய்க் கறுப்புப் பெல்ட் கட்டிய ஒருவனை எல்லாருக்கும் தெரியும். அவனோடு சேர்ந்து மூன்றாம் மாதமே நின்றுபோனவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விடாமல் போகும் குணம் அவனுக்கு முன்பே இருந்திருக்கலாம். அல்லது தினமும் கொண்டுவிட்டுக் கூட்டிவந்த அப்பாவிடம் இருந்திருக்கலாம். போனில் கிடப்பதைவிட இது மேல் இல்லையா என்று கேட்டால், சந்தேகமில்லாமல் மேல். ஐந்து வயது முதல் பதினேழு வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்றாக அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலி மனைகளெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்ட இந்தப் புறநகரில் பிள்ளைகள் ஓடியாட ஒரு மணி நேரமாவது இடம் கிடைப்பது பெரிய விஷயம். அதை விளையாட்டு என்றே சொல்லி, விளையாட்டுக்கான கட்டணத்தைக் கட்டலாம்.

ஒழுக்கத்தையும் எதிர்பார்த்துச் சேர்ப்பவர்கள், பணம் கட்டும் முன் ஒரு வாரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். தப்பாகச் செய்த பிள்ளையை மாஸ்டர் எப்படித் திருத்துகிறார், பலமுள்ள பிள்ளையை மெலிந்தவனோடு எப்படி மோதவிடுகிறார், கடைசி பெல்ட் தேர்வில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார், மூன்று ஆண்டுக்கு மேல் எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதியில்லை என்று சொல்லும் வகுப்பில், மாஸ்டர் எத்தனை டான் வாங்கியவராக இருந்தாலும், பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.