வாய்வு என்னும் சொல்

“வெறும் வாய்வு” என்று சொல்லியே நாம் எத்தனை உயிர்களை இழந்திருக்கிறோம்! நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சை அழுத்துகின்றது. தோளிலும் தாடையிலும் நோப் பரவுகின்றது. உடல் குளிர்ந்து வியர்க்கின்றது. வீட்டார் என் செய்வர்? உள்ளியும் பெருங்காயமும் அவித்துக் கொடுப்பர், சோடா உடைப்பர், விடியட்டும் பார்ப்போம் என்பர். எங்கள் அயலில் ஒரு பெரியவருக்கு இவ்வாறே நிகழ்ந்தது. விடிந்தது, அவர் விழிக்கவில்லை. அவ்வீட்டாருக்கு அன்பு குறைவன்று. அவர்கள் அறிந்திருந்த சொல் அது ஒன்றே.

நோய்க்கு நாம் இடும் பெயரே அடுத்து நாம் செய்வதைத் தீர்மானிக்கின்றது. வாய்வு என்றாற் கஷாயம். மாரடைப்பு என்றால் ஆஸ்பத்திரி. பெண்களிடத்தும் நீரிழிவுக்காரரிடத்தும் நெஞ்சு நோவே இன்றி, மூச்சிளைப்பும் ஓங்காளமும் களைப்புமாக மாரடைப்பு வருதலுமுண்டு. அங்கே ‘வாய்வு’ இன்னும் எளிதில் நாவில் வரும்.

பாரிசவாதத்தின் கதை வேறு. அப்பெயரை யாவரும் அறிவர். ஆயின் அதைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவன எண்ணெய்ப் போத்தலும், மாதக்கணக்காகக் கட்டிலிற் கிடக்கும் உடலுமே. விரைவு என்ற எண்ணம் அச்சொல்லில் இல்லை. 50 ஆண்டுகளுக்கு முன் அதைக் குறை சொல்வதற்கில்லை. அன்று வைத்தியரிடமும் பெரிதாய் மருந்தில்லை. மூளைக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 3 மணித்தியாலத்துள் ஏற்றினாற் பயனுண்டென்று 1995இல் அமெரிக்க ஆராய்ச்சியொன்று காட்டிற்று. 2008இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி அவ்வெல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டிற்று. அடைப்போ இரத்தக்கசிவோ என்று ஸ்கான் படத்திற் கண்ட பின்னரே அம்மருந்தை ஏற்றலாம். (வீட்டில் அஸ்பிரின் கொடுத்தலும் ஆகாது, கசிவாயின் அதுவே கேடு.) பெருங்குழாய் அடைபட்ட ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன என்பர்.

வாய் ஒருபுறம் கோணும், ஒரு கை சோர்ந்து விழும், பேச்சுக் குழறும். இவற்றுள் ஒன்று சடுதியாகத் தோன்றினும் போதும். சற்றுநேரத்தில் மாறிவிட்டதென்று வீட்டிலிருத்தல் தவறு. கோயிற் திருவிழா ஒலிபெருக்கியில் நாள் முழுதும் எத்தனையோ அறிவித்தல்களைக் கேட்கிறோமே, அவற்றிடையே இம்மூன்றையும் சொன்னால் என்ன? 1990 என்னும் இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவை பின்னர் வடக்கிற்கும் கிழக்கிற்கும் வந்தது. இருந்தும், வெளிநாட்டிலுள்ள மகனுக்குத் தொலைபேசி எடுத்து அவன் சொல்லுக்குக் காத்திருக்கும் வீடுகள் இன்றும் உள. மகனுக்குப் பிறகு அறிவிக்கலாம். முதலில் யாரேனும் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து, நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரியில் வைத்தியர் அதைத்தான் முதலிற் கேட்பார்.