எல்லி எங்கே போனாள்?

பிள்ளைகள் தொடரில் உலகம் அழியப்போகிறது என்றால் நான் பதறுவதே இல்லை. எப்படியும் மறுநாள் மாலைக்குள் காப்பாற்றிவிடுவார்கள். பிபிசியின் சிறுவர் சேனலில் 2007 முதல் 2011 வரை வந்த ‘தி சாரா ஜேன் அட்வெஞ்சர்ஸ்’ அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. பெரும்பாலும் கதைக்கு இரண்டு பகுதி. முதல் பகுதியின் முடிவில் ஆபத்து, இரண்டாவதில் விடுதலை. தம்பி மகளோடு உட்கார்ந்து பழைய பகுதிகளைப் பார்த்துக்கொண்டே வந்ததில், இந்த வாரம் ‘தி கர்ஸ் ஆஃப் கிளைட் லாங்கர்’ வந்து மாட்டியது. 2011 அக்டோபர் 10, 11 தேதிகளில் ஒளிபரப்பான கதை. எழுதியவர் ஃபில் ஃபோர்ட்.

தெரியாதவர்களுக்கு: ‘டாக்டர் ஹூ’வில் 1973-லிருந்து 1976 வரை டாக்டரோடு காலப்பயணம் போன பத்திரிகையாளர்தான் சாரா ஜேன் ஸ்மித். முப்பது ஆண்டுகள் கழித்து, 2006-ல், அதே எலிசபெத் ஸ்லேடனை ஒரு பகுதிக்குத் திரும்பக் கூட்டிவந்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. ரஸ்ஸல் டி டேவிஸ் அவருக்கென்று தனித்தொடரே உருவாக்கினார். லண்டனின் ஈலிங் பகுதியில் ஒரு வீடு, மாடியறையில் பேசும் கம்ப்யூட்டர், கூடவே பள்ளிப் பிள்ளைகள் சிலர். வேற்றுக்கிரகவாசிகளைத் துரத்துவதற்கு நடுவே இந்த அம்மாள் எப்போது கட்டுரை எழுதி அனுப்புகிறார் என்பதை மட்டும், வாராவாரம் கெடுவுக்குள் எழுதித் தரவேண்டிய என் போன்றவர்களுக்குத் தொடர் சொல்லித்தரவே இல்லை.

கிளைட் அந்தக் கூட்டத்தின் வாயாடி. நன்றாகப் படம் வரைவான். அப்பா விட்டுப் போய்விட, அம்மா வளர்த்த பையன். அருங்காட்சியகத்தில் அமெரிக்கப் பழங்குடியினரின் டோட்டம் கம்பம் ஒன்றைத் தொடுகிறான்; விரலில் சிராய் ஏறுகிறது. அதற்குப் பிறகு அவன் பெயர் யார் காதில் விழுந்தாலும் அந்த நொடியே அவர்களுக்கு அவனைப் பிடிக்காமல் போகிறது. தலைமையாசிரியர் பள்ளியைவிட்டு விலக்குகிறார். தோழி ரானி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சாரா ஜேன் இனி இந்தப் பக்கமே வராதே என்கிறார். கடைசியில் பெற்ற தாயே வெளியே போ என்கிறாள். அவன் செய்த தப்பு என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் கோபம் நிச்சயம்.

இங்கே எனக்கு ஒரு சண்டை உண்டு. கம்பத்துக்குள் வேற்றுக்கிரகப் போர்வீரன் ஒருவனைச் சிறைவைத்திருக்கிறார்களாம். வட அமெரிக்காவின் வடமேற்குக் கடலோரத்தில் ஹைடா, டிலிங்கிட் போன்ற மக்கள் செதுக்கும் கம்பங்கள், நாங்கள் இன்ன குலம், எங்கள் கதை இது என்று ஊரறிய நிறுத்திவைப்பவை. யார் என்று அறிவிக்கும் மரத்தைப் போய், ஒருவன் பெயரைக் கெடுக்கும் சாபமரமாக்கியது சோம்பேறித்தனம். வேறு ஏதாவது கல்லையோ பெட்டியையோ வைத்திருக்கலாம். பெரியவர்கள் தொடராக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்குத்தானே என்ற அலட்சியம்.

ஆனால் கிளைட் தெருவுக்கு வந்ததும் கதை வேறு தரத்துக்குப் போய்விடுகிறது. கையில் காசில்லை, குளிர், படுக்க இடமில்லை. வீடில்லாமல் தெருவில் வாழும் எல்லி என்ற பெண் அவனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறாள். எங்கே படுப்பது, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று அவள்தான் பழக்குகிறாள். அவன் நடைபாதையில் படம் வரைந்து சில்லறை சேர்க்கிறான். லண்டன் தெருக்காரர்களிடையே ஒரு பயம்: ‘நைட் டிராகன்’ வந்து ஆட்களைக் கொண்டுபோய்விடும், போனவர்கள் திரும்புவதில்லை. இந்தத் தொடரில் டிராகன் என்றால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? நானும் ஒரு பச்சை மிருகத்துக்காகக் காத்திருந்தேன்.

வீடில்லாதவர்களைப் பற்றி பிபிசிக்கு நாடகம் புதிதல்ல. 1966-லேயே கென் லோச் இயக்கிய ‘கேத்தி கம் ஹோம்’ அந்நாட்டையே உலுக்கியது. அது பெரியவர்களுக்கு. இதுவோ பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் பார்த்தது.

சாபத்தை உடைப்பவள் ஸ்கை என்ற சிறுமி. அவள் மனிதப்பிறவி அல்ல, ஆகவே சாபம் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஊரிலுள்ள மனிதர்கள் அத்தனை பேரும் துரத்தியவனைத் தேடிப்போக, வேற்றுக்கிரகப் போருக்கு ஆயுதமாகப் படைக்கப்பட்ட ஒரு பெண்தான் மிச்சம் என்பதை வசனமாக்காமல் விட்டதற்கே ஃபோர்டுக்குக் கைகொடுக்கலாம். கிளைட் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்ல, போர்வீரன் ஒழிகிறான். அம்மாவும் திரும்பக் கிடைக்கிறாள். எல்லாம் கிடுகிடுவென்று நடந்து முடிகிறது, அவசரம்தான், பரவாயில்லை.

பிறகு அவன் எல்லியைத் தேடித் தெருவுக்கு ஓடுகிறான். அவள் இல்லை. நைட் டிராகன் கொண்டுபோய்விட்டது என்கிறார்கள். அந்த டிராகன் ஒரு லாரி. பக்கவாட்டில் கம்பெனிப் பெயர் எழுதிய சாதாரண சரக்கு லாரி. எங்கே போனாள், நல்ல இடத்துக்கா என்று கதை சொல்வதில்லை. எல்லி என்பதும் அவள் பெயரில்லை. சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துச் சொன்ன பெயர்.

“அந்தக் கம்ப்யூட்டராலகூட அந்த அக்காவைக் கண்டுபிடிக்க முடியாதா பெரியப்பா?” என்றாள் தம்பி மகள்.

“பேரே தெரியாதே, எதை வெச்சுத் தேடும்?” என்றேன்.

“ஏலியன் பேர் மட்டும் தெரியுமாக்கும்.”

அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று. இது ஒளிபரப்பானபோது எலிசபெத் ஸ்லேடன் உயிரோடு இல்லை. 2011 ஏப்ரல் 19 அன்று புற்றுநோயில் போய்விட்டார், வயது 65. முன்னதாக எடுத்து முடித்திருந்த மூன்றே கதைகளை அக்டோபரில் போட்டார்கள், இது இரண்டாவது. அது தெரிந்து பார்க்கும்போது, கிளைடை விரட்டிவிட்ட சாரா ஜேன் காரணம் புரியாத துக்கத்தோடு இருக்கும் இடங்கள் கூடுதலாகவே கனக்கின்றன. அந்த முகத்தில் மிகைநடிப்பு துளியும் கிடையாது. சிறுவர் தொடர்தானே என்று அவர் ஒருநாளும் நடிப்பைக் குறைத்துக்கொண்டதில்லை.

அடுத்த வாரம் வந்தது ‘தி மேன் ஹூ நெவர் வாஸ்’. அதோடு தொடர் முடிந்தது. எல்லி வருவாள் என்று தம்பி மகள் அதையும் முழுக்கப் பார்த்தாள். வரவில்லை. எழுதினவர் விலாசம் வேண்டுமாம், லெட்டர் போட. எடுத்துத் தரச்சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.