என் கட்சி கைத்துப்பாக்கி

ஓசூரில் துப்பாக்கி என்றதும் அஞ்செட்டிக் காடும் நாட்டுத்துப்பாக்கியுமே நம் இலக்கிய நண்பர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. இலக்கு நோக்கிச் சுடுதல் உடலை அடக்கும் கலை என்று ஒப்புக்கொள்ளும் சிலரும், 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிளே உயர்ந்தது என்கிறார்கள். அதன் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், பிஸ்டலுக்கோ 11.5 என்பது அவர்கள் காட்டும் சான்று.

கணக்கு சரி, முடிவு தவறு. ரைபிளைத் தாங்க இரு கைகள், தோள்முட்டு, விறைத்த தடிச்சட்டை. பிஸ்டலுக்கு நீட்டிய ஒற்றைக் கை மட்டுமே. 23 மடங்கு அகன்ற அவ்வட்டம் சலுகையன்று. மனிதக் கை நடுங்கும் என்ற ஒப்புதல். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரு வெண்கலம் வென்றது அந்த நடுக்கத்தோடு போராடித்தான்.

துணையின்றி நிற்பதே கலையெனில், என் வாக்கு கைத்துப்பாக்கிக்கே. மறுப்போர் வாதிடலாம்.