வாசலில் மட்டும் ஒரு காவலாளி

ஒரு கணக்கிலிருந்து பணத்தை எடுத்து இன்னொரு கணக்கில் போடுவது கம்ப்யூட்டருக்கு இரண்டு வரி வேலை. ஆனால் வங்கிக்காக எழுதப்படும் புரோகிராமில் அந்த இரண்டு வரிகளைச் சுற்றி இருபது வரிகள் மொய்க்கும். கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும். பாதியில் தடங்கல் வந்தால் எடுத்த பணத்தைத் திரும்ப வைக்க வேண்டும். கடன் பகுதியிலும் வைப்புநிதிப் பகுதியிலும் இதே சடங்குதான். விதி ஒன்று மாறினால் நூறு இடங்களில் திருத்த வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனால் அங்கே ஓட்டை.

இந்தத் தலைவலிக்கு மருந்து தேடியவர்கள் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் இருந்த கிரெகர் கிக்சாலஸ் குழுவினர். 1997-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இந்த முறைக்கு ஆஸ்பெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்று பெயர் சூட்டியது. யோசனை எளிது. பொதுச் சடங்குகளை ஒரே இடத்தில் தனியாக எழுதிவிட வேண்டியது. எந்தெந்த ஃபங்ஷனுக்கு முன்னால், பின்னால் அல்லது சுற்றிலும் அவை ஓட வேண்டும் என்று ஒரு விதி சொல்ல வேண்டியது. உறை போட்டுவிடும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். மூல ஃபங்ஷனைத் தொடவே வேண்டாம். இப்படிச் சேர்க்கப்படும் கட்டளைக்கு 'அட்வைஸ்' என்று பெயர். அந்தக் கருத்து இன்னும் பழையது: 1966-ல் எம்.ஐ.டி.யில் வாரன் டைடல்மன் தன் ஆய்வேட்டில் கையாண்டது.

புரோகிராமர்களுக்குப் பெரிய நிம்மதிதான். ஆனால் உறை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கலும். ஃபங்ஷனைப் படிப்பவர் இரண்டு வரிகளைத்தான் பார்க்கிறார். அவற்றோடு வேறு என்ன ஓடுகிறது, ஓடாமல் போகிறது என்பது அந்தப் பக்கத்தில் இல்லை.

ஜாவா உலகில் பரவலாகப் புழங்கும் ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் இதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. ஃபங்ஷனின் தலையில் 'டிரான்சாக்ஷனல்' என்று ஒரு சொல் எழுதினால் போதும், எல்லாம் முடியும் அல்லது எதுவும் நடக்காது என்ற பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் வழக்கமான ஏற்பாட்டில் இந்த உறை வாசல் காவலாளி மாதிரி. வெளியிலிருந்து வரும் அழைப்பைத்தான் நிறுத்திப் பார்க்கும். அதே கிளாஸுக்குள் ஒரு ஃபங்ஷன் பக்கத்து ஃபங்ஷனை அழைத்தால், அறைக்கு அறை நடப்பவரைக் காவலாளி கவனிப்பதில்லை. வேறு பாதுகாப்பும் இல்லாவிட்டால், எடுத்த பணம் எடுத்ததுதான். போட வேண்டியது போடப்படாது. கம்ப்யூட்டர் இதற்காக எச்சரிக்கை மணி அடிப்பதும் இல்லை.

இன்னொரு பொறி: ஜாவாவில் பிழைகள் இரண்டு வகை. முன்கூட்டியே அறிவித்தாக வேண்டிய வகைப் பிழை எழுந்தால், தனியாகச் சொல்லி வைக்காதவரை, ஸ்பிரிங் பணத்தைத் திரும்ப வைக்காது. நடந்தவரை சரி என்று கணக்கை முடித்துவிடும்.

கிக்சாலஸ் குழுவினரின் ஆஸ்பெக்ட்ஜே, புரோகிராமுக்குள்ளேயே கட்டளையை நெய்துவிடுவதால் முதல் சிக்கல் அதில் இல்லை. ஆனால் தயாரிப்பு வேலை கூடுதல். எந்தக் கருவியானாலும் சோதனை ஒன்றே: பணம் எடுத்ததற்கும் போடுவதற்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கிளப்பி, இரண்டு கணக்குகளையும் திறந்து பார்ப்பது. தலையில் எழுதிய ஒரு சொல்லை நம்பி இதைத் தள்ளிப்போட்டால், சோதனையை வாடிக்கையாளர் செய்துகொடுப்பார்.