வரி பெற்ற அரசும் வசை பெற்ற நடிகையும்

பாலியற் படங்கள் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ஒழுக்கவாதிகள் ஒருபுறமும் சுதந்திரவாதிகள் மறுபுறமுமாக அணிவகுத்து நிற்பது வழக்கம். முன்னவர் நடிகையைப் பழிப்பர், பின்னவர் பாராட்டுவர். இத்தொழிலின் இலாபம் யாரிடம் சென்றது, இழிவு யாரிடம் தங்கியது என்ற வினாவை இருசாராருமே எழுப்புவதில்லை. பிரெஞ்சு நடிகை பிரிஜித் லாயேயின் தொழில் வரலாறு அவ்வினாவை எழுப்பியே தீரவேண்டிய நிலையை உருவாக்குகின்றது.

1974 இல் ஜிஸ்கார் தெஸ்தேன் குடியரசுத் தலைவரானதும் பிரான்சில் திரைப்படத் தணிக்கை தளர்ந்தது. அவ்வாண்டு வெளிவந்த 'எம்மானுவேல்' பெருந்திரளான மக்களை அரங்குகளுக்கு ஈர்த்தது. மறுவருடம் குளோதின் பெக்காரி என்ற நடிகையைப் பற்றிய 'எக்ஸிபிசியோன்' பகிரங்கமாகவே காட்டப்பட்டது. அரசு விழித்துக்கொண்டது, ஆயினும் தடை விதிக்கவில்லை. 1975 டிசெம்பர் 30 ஆந் திகதிய நிதிச் சட்டம் இத்தகைய படங்களை 'எக்ஸ்' என வகைப்படுத்தித் தனி அரங்குகளுக்குள் ஒதுக்கியது; பெறுமதி சேர் வரியை 33 வீதமாக உயர்த்தியது; இலாபத்தின் மீது மேலும் 20 வீதம் அறவிட்டது; ஏனைய படங்களுக்குரிய அரச உதவியையும் மறுத்தது. தீதெனக் கருதின் தடுத்திருக்கலாம். தீதன்றெனின் ஏனைய தொழில்களைப் போல நடத்தியிருக்கலாம். அரசோ ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையை நீட்டியது!

1955 இல் வட பிரான்சின் தூர்க்குவான் நகரிற் பிறந்த லாயே இத்துறையிற் புகுந்தது 1976 இல், அதாவது அச்சட்டம் நடைமுறைக்கு வந்த வேளையில். 1980 அளவில் அவர் அதனின்றும் விலகினார். இதற்கிடையே ழான் ரொலன் என்னும் இயக்குநர் அவரிடம் நடிப்பாற்றலைக் கண்டு தம் திகிற் படங்களிற் பயன்படுத்தினார். 'பசினாசியோன்' (1979) படத்தில் கரிய மேலாடையணிந்து நீண்ட அரிவாளுடன் அவர் நடந்துவரும் காட்சி இன்றும் பேசப்படுகின்றது. ஆனால் 'மதிப்பார்ந்த' சினிமா அவருக்கு அளித்த இடம் யாது? ஆன்றி வெர்னையின் 1979 ஆம் ஆண்டுப் படத்தில் ஆடை களையும் ஆடற்காரி; பிலிப் கவுஃப்மனின் 'ஹென்றியும் ஜூனும்' (1990) படத்தில் விலைமகள். தொழிலை விட்டு வந்தவரைக் கலையுலகம் வரவேற்றது, அதே வேடத்துக்கே!

2001 முதல் 2016 வரை ஆர்.எம்.சி. வானொலியில் அவர் நிகழ்ச்சி நடத்தினார். காதலும் தாம்பத்தியமும் பற்றி நேயர்கள் அவரிடம் மனந்திறந்து பேசினர். நான்காண்டுத் தொழிலுக்குப் பின் பதினைந்து ஆண்டு ஒலிபரப்பு. எனினும் பத்திரிகைகளுக்கு அவர் 'முன்னாள் ஆபாசப்பட நடிகை'யே. அப்படங்களுக்கு முதலிட்டவர்களின் பெயரோடு இத்தகைய அடைமொழி எதுவும் ஒட்டிக்கொண்டதில்லை.

'அவர் விரும்பியே நடித்தார், தம் கடந்தகாலத்தை மறுதலிக்கவுமில்லை, பிறகென்ன?' என்பர் சுதந்திரவாதிகள். அவர் விரும்பினார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒருவரது விருப்பம் ஒரு தொழிற்றுறைக்கே நற்சான்றிதழாகிவிடும் என்பதையே மறுக்கின்றோம். சுரங்கத்தில் மனநிறைவோடு உழைத்து ஓய்வுபெற்ற ஒருவரைக் காட்டிச் சுரங்க முதலாளியின் கணக்கை மூடிவிட முடியாது.

2018 ஜனவரியில், ஆடவரின் 'தொல்லை கொடுக்கும் சுதந்திரத்தை' ஆதரித்து 'லு மோந்' இதழில் வெளியான அறிக்கையில் கத்தரீன் தெனேவ் முதலியோருடன் லாயேயும் ஒப்பமிட்டார். மறுநாள் தொலைக்காட்சி விவாதமொன்றில், வன்புணர்ச்சியின்போதும் உடல் இன்பமடையலாம் என்ற பொருள்படப் பேசினார். அவ்வறிக்கையும் அப்பேச்சும் கண்டனத்துக்குரியன என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றைக் கண்டிக்க அவையே போதும். அவரது இளமைக்காலப் படப்பட்டியல் வேண்டியதில்லை. அதே அறிக்கையில் ஒப்பமிட்ட எழுத்தாளர்களின் முதல் ஊதியம் எங்கிருந்து வந்தது என எவரும் ஆராயப் புகார்.

2022 செப்டெம்பரில் பிரெஞ்சு செனற் சபையின் பெண் உறுப்பினர் நால்வர், வெவ்வேறு கட்சியினராயிருந்தும், இத்துறை பற்றிய அறிக்கையொன்றை ஒருமித்து முன்வைத்தனர். அங்கு நிகழும் வன்முறை தற்செயலானதன்று, தொழிலின் அமைப்போடு பிணைந்தது என்பது அவர்தம் முடிபு. 1975 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இவ்வறிக்கைக்கும் இடையே ஏறத்தாழ 47 ஆண்டுகள். அரங்கின் வாயிலையும் பணப்பெட்டியையும் அத்துணை நுணுக்கமாக அளந்த அச்சட்டத்தில், படப்பிடிப்புத் தளத்தில் நின்ற பெண்ணைப் பற்றி ஒரு வரிதானும் இல்லை.