இடித்த செங்கல் குப்பையா?

நேற்றுவரை வீடாக நின்றது, இன்று மண்மேடாகக் கிடக்கிறது சென்னைத் தெருவிலே. "குப்பை! இரவோடிரவாக அள்ளிச் செல்" என்கிறார், மாடிமேல் மாடி எழுப்பத் துடிக்கும் மனைக்காரர். லாரி புறப்படுகிறது, ஏரிக்கரை தேடி! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் எனும் உலகச் சிறப்பு கிடைத்தது. அதன் ஓரத்திலே கொட்டப்பட்ட இடிபாடோ கொஞ்சமல்ல. அதே மனைக்காரரின் புதுக் கட்டடத்துக்கு ஜல்லி வேண்டி எங்கோ ஒரு மலை பிளக்கப்படுகிறது. கேட்கிறோம், இங்கே கல்லைப் புதைத்துவிட்டு அங்கே கல்லுக்காக மலையைப் பிளப்பது எந்த ஊர் அறிவு?

சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று பெயர் சூட்டிப் பேசுகிறார்கள். பெயர்தான் புதிது! சுண்ணாம்புச் சாந்திலே கட்டிய சுவரை இடித்தால் சாந்து உதிரும், செங்கல் முழுதாக வரும். சித்தாள் ஒருத்தி அமர்ந்து, கொத்தி, துடைத்து, அடுக்கி வைப்பாள். அந்தக் கல் மற்றொரு சுவரேறும். சிமெண்ட் வந்தது, சாந்து செங்கல்லைவிடக் கடினமாயிற்று, இடித்தால் இப்போது உடைவது கல்! ஆகவே கை மட்டும் போதாது, அரைக்கும் ஆலையும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை.

மரத்தின் கதை வேடிக்கையானது. செட்டிநாட்டு மாளிகைகள் பிரிக்கப்படுகின்றன. பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் காரைக்குடிக் கடைகளிலே விலைபோகின்றன. 'பழைய மரம் புதுமனைக்கு ஆகாது, பீடை' என்று ஏழையிடம் ஓதும் மனையடி சாத்திரம், அதே தூண் சீமான்களின் உல்லாச விடுதியிலே ஏறும்போது வாய் திறப்பதில்லை. பணத்தைக் கண்டால் பீடையும் பறந்துவிடும் போலும்!

ஆலை இல்லையா? பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சி அமைத்தது. தரக்கணக்கு இல்லையா? ஐ.எஸ். 383 எனும் இந்தியத் தரவிதி 2016-இலேயே, இடிபாட்டுக் கான்கிரீட்டை உடைத்தெடுத்த ஜல்லியைக் கம்பியில்லாக் கான்கிரீட்டிலே 25 விழுக்காடும், எம் 25 தரம்வரையிலான கம்பிக் கான்கிரீட்டிலே 20 விழுக்காடும் சேர்க்கலாம் என்றது. சட்டம் இல்லையா? அதே 2016-இல் தில்லி வகுத்த விதிகள், அரசு ஒப்பந்தங்களிலே 10 முதல் 20 விழுக்காடு இத்தகைய பொருளை வாங்கச் சொல்லின. பிறகு 2025-இல், 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் குறித்து, புது விதிகளும் பிறந்தன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோர் தலையிலே மறுசுழற்சிப் பொறுப்பை ஏற்றின. நல்லது! ஆனால் நம் தெருவிலே இடியும் சின்ன வீடு அந்த வலையிலே சிக்குமா? அதன் மண்மேட்டை அள்ளுவது மாநகராட்சி. விதி எழுதத் தில்லி, அள்ளித் தீர்க்க நம் நகராட்சி, செலவுக்கு யார்?

இல்லாதது வாங்கும் மனம், தோழர்களே! ஒப்பந்தக்காரர் புது ஜல்லியையே தேடுவார், பழகிய பாதை அது. ஆகவே முதல் வாடிக்கையாளராக அரசே முன்வரட்டும். நடைபாதைக் கல், சாலை அடித்தளம், பள்ளிச் சுற்றுச்சுவர், இவற்றுக்குப் பொதுப்பணித்துறையும் மாநகராட்சியும் கோரும் டெண்டரிலே இத்தனை விழுக்காடு இடிபாட்டுப் பொருள் என்று எழுதட்டும். தரம் சோதித்துப் பணம் தரட்டும்.

இன்னொன்று. இடிக்கும் இடத்திலே தூசி குடிப்பவர் யார்? முந்தானையை மூக்கிலே கட்டிக்கொண்டு செங்கல் துடைக்கும் அந்தச் சித்தாள். 1994-இலேயே கட்டுமானத் தொழிலாளருக்கு நலவாரியம் கண்ட நாடு இது. அவளுக்கு முகக்கவசம், நியாயக் கூலி, வாரிய அட்டை, இவையும் அதே டெண்டரிலே, ஜல்லிக்கு முந்திய வரியிலே எழுதப்பட வேண்டும் என்கிறோம்.