கடை முதலாளியே வாசலில் நின்று கத்தினால்?

ஒரு மளிகைக் கடை. இருபது பேர் கூட்டாக நடத்துகிறார்கள். எடைபோடுகிற ஆளை வேலைக்கு வைத்தது அவர்கள், சம்பளம் கொடுப்பது அவர்கள், தராசு வாங்கியதும் அவர்கள். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் ஒரு கிலோ பருப்பு வாங்கிப் போய் வீட்டில் நிறுத்துப் பார்த்தால் எண்ணூறு கிராம்தான் இருக்கிறது. கோபத்தோடு கடைக்கு ஓடி வருகிறார். வந்து பார்த்தால், இருபது முதலாளிகளில் ஒருவர் அவருக்கும் முன்னாலேயே வாசலில் நின்று, "இந்தக் கடையில் எடை மோசம்! எடைபோடுகிறவன் எதிர்க்கடைக்காரனுக்கு வேண்டியவன்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார். வாடிக்கையாளருக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. 'நம்ம மனுஷன்யா' என்று கைதட்டுகிறார். "சார், கடையே உங்களுதுதானே?" என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

சிரிப்பு வருகிறதா? இங்கிலாந்துக் கால்பந்தில் அச்சு அசலாக இதுதான் நடந்தது. அப்போதும் ரசிகர்கள் கைதட்டத்தான் செய்தார்கள்.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் எவர்ட்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதின. இரண்டுமே பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கிவிடாமல் இருக்கப் போராடிக்கொண்டிருந்த அணிகள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், அனுமதித்த அளவைவிட அதிக நஷ்டம் காட்டியதற்காக ஃபாரஸ்டின் 4 புள்ளிகள் வெட்டப்பட்டிருந்தன. எவர்ட்டன் 2-0 என்று ஜெயித்தது. அது பிரச்சினையில்லை. ஃபாரஸ்ட் மூன்று முறை பெனால்டி கேட்டது, மூன்று முறையும் கிடைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. மூன்று சம்பவத்திலும் எதிரே இருந்தவர் எவர்ட்டனின் ஆஷ்லி யங். முதலில் ஜியோ ரெய்னா விழுந்தார். பிறகு யங்கின் கையில் பந்து பட்டது. கடைசியாக ஹட்சன்-ஒடாய் விழுந்தார். மைதானத்தில் இருந்த நடுவர் ஆன்டனி டெய்லர் கொடுக்கவில்லை. 'வார்' என்கிற வீடியோ உதவி நடுவராக அறையில் உட்கார்ந்திருந்த ஸ்டூவர்ட் அட்வெல்லும் தலையிடவில்லை.

ஆட்டம் முடிந்த சூட்டோடு சூடாக ஃபாரஸ்ட் கிளப் தன் அதிகாரபூர்வ எக்ஸ் பக்கத்தில் ஓர் அறிக்கையைத் தட்டிவிட்டது. அதன் சாரம் இதுதான்: மூன்று படுமோசமான முடிவுகள், ஏற்கவே முடியாது. வீடியோ நடுவர் லூட்டன் அணியின் ரசிகர் என்று முன்கூட்டியே எச்சரித்தோம், மாற்றவில்லை. எங்கள் பொறுமையைச் சோதித்துவிட்டார்கள். இனி என்ன செய்யலாம் என்று பரிசீலிப்போம். (லூட்டன் அப்போது ஃபாரஸ்டுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்ற அணி. விஷயம் புரிகிறதல்லவா?) கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது அந்தப் பதிவு. 'அப்படிப் போடு!' என்று ரசிகர்கள் குதித்தார்கள்.

முதலில் ரசிகர்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 'கால்பந்து வெறும் விளையாட்டுதானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்' என்று உபதேசம் செய்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாம். ஃபாரஸ்ட் ரசிகர்கள் நூறு மைலுக்கு மேல் பயணம் செய்து, டிக்கெட்டுக்கும் வண்டிக்கும் சொந்தக் காசைச் செலவழித்து, வார விடுமுறையைத் தொலைத்து அங்கே போனவர்கள். அவர்கள் கேட்டது தயவு இல்லை, விதிப்படி தீர்ப்பு. அதில் உண்மையும் இருந்தது. சர்ச்சைக்குரிய முடிவுகளை வாராவாரம் அலசும் தனிக்குழு ஒன்று பிரீமியர் லீக்கில் உண்டு. ஹட்சன்-ஒடாய் விழுந்தது பெனால்டிதான், வீடியோ நடுவர் தலையிட்டிருக்க வேண்டும் என்பதே அந்தக் குழுவின் முடிவு. ஆக, ரசிகர்களின் கோபம் கற்பனை அல்ல. எண்ணூறு கிராம்தான் கொடுத்தார்கள்.

ஆனால் அதே குழு மற்ற இரண்டையும் பெனால்டி என்று சொல்லவில்லை. கிளப் மூன்று என்றது, கணக்கில் தேறியது ஒன்று. வணிகவியல் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள்: வரவேண்டிய கடன் ஒரு ரூபாயாக இருக்கும்போது மூன்று ரூபாய் என்று எழுதினால், அந்த ஒரு ரூபாயையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஃபாரஸ்டுக்கு நடந்தது அதுதான். நியாயமான ஒரு பெனால்டியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய வாரம் முழுக்க, அட்வெல் எந்த அணி ரசிகர் என்பதைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தப்பாக முடிவெடுத்தார் என்பது ஒரு குற்றச்சாட்டு. வேண்டுமென்றே தப்பு செய்தார் என்பது வேறு குற்றச்சாட்டு. முன்னதற்கு ஒரு ரீப்ளே போதும். பின்னதற்குச் சாட்சி வேண்டும். ஃபாரஸ்ட் கையில் இருந்தது ரீப்ளே மட்டும். லூட்டன் அன்று களத்தில்கூட இல்லை. அட்வெல் வேண்டுமென்றே செய்தார் என்று அறிக்கை நேராகச் சொல்லவும் இல்லை, சொல்லாமல் சொன்னது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பைத் தான் தட்டிக்கழித்துவிட்டு, நம்புகிற வேலையை ரசிகன் தலையில் கட்டியது. கால்பந்துச் சங்கம் சும்மா விடவில்லை. தனிக் கமிஷன் விசாரித்து, 2024 அக்டோபரில் 7,50,000 பவுண்டு அபராதம் போட்டது. மூன்றில் ஒரு பெனால்டி கிடைத்திருந்தாலும் இவ்வளவு செலவாகியிருக்காது!

சரி, மளிகைக் கடைக்கு வருவோம்.

பிரீமியர் லீக் வானத்திலிருந்து குதித்தது இல்லை. அது ஒரு கம்பெனி. பங்குதாரர்கள் யார்? அந்தந்த சீசனில் ஆடுகிற 20 கிளப்புகள்தான். ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு ஓட்டு. முக்கியத் தீர்மானம் நிறைவேற 14 ஓட்டு வேண்டும். நடுவர்களை வேலைக்கு வைத்திருக்கும் பி.ஜி.எம்.ஓ.எல். என்பதும் ஒரு கம்பெனிதான். அதற்குப் பணம் தருவது பிரீமியர் லீக், அதற்குக் கீழே உள்ள இ.எஃப்.எல்., கால்பந்துச் சங்கம் ஆகிய மூன்றும். 2019-20 சீசனில் 'வார்' வந்ததும் இந்தக் கிளப்புகள் கூடி ஓட்டுப் போட்டதால்தான். ஆக, 'பி.ஜி.எம்.ஓ.எல். எங்களை ஏமாற்றிவிட்டது' என்று ஒரு கிளப் ரசிகனிடம் புலம்புவது, இருபதில் ஒரு பங்கு வைத்திருப்பவர் தன் கம்பெனியைப் பற்றித் தன் வாடிக்கையாளரிடமே புலம்புவது.

பங்குதாரருக்குக் குறை இருந்தால் என்ன செய்ய வேண்டும்? கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். அப்படி ஒரே ஒரு கிளப் கொண்டுவந்தது. உல்வ்ஸ். 'வாரையே எடுத்துவிடலாம்' என்று 2024 மே மாதம் முறைப்படி தீர்மானம் கொடுத்தார்கள். ஜூன் 6ஆம் தேதி ஓட்டெடுப்பு. முடிவு என்ன தெரியுமா? 19-1. உல்வ்ஸைத் தவிர ஒரு கை எழவில்லை.

அந்த 19 பேரில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஆறு வாரம் முன்பு 'ஏற்கவே முடியாது' என்று முழங்கிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். 2023 நவம்பரில் நியூகாசிலிடம் 0-1 என்று தோற்றபோது தங்கள் மேனேஜர் ஆர்ட்டெட்டாவின் கோபத்துக்கு முழு ஆதரவு என்று அறிக்கை விட்ட ஆர்சனல். 2023 அக்டோபர் 1ஆம் தேதி, விளையாட்டின் நேர்மையே குலைந்துவிட்டது என்று எழுதிய லிவர்பூல். வெளியே இடிமுழக்கம், உள்ளே கப்சிப்!

'வார் வேண்டும், ஆனால் ஒழுங்காக வேண்டும் என்று அவர்கள் நினைக்கக் கூடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தராசு கோணலாக இருந்தால் சரிசெய்ய வேண்டும், தராசையே தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சரிசெய்யும் வேலை எங்கே நடந்தது? ஆஃப்சைடை ஓரளவு தானாகவே கணிக்கும் தொழில்நுட்பத்துக்குக் கிளப்புகள் ஒருமனதாக ஓட்டுப் போட்டது 2024 ஏப்ரல் 11. அதாவது ஃபாரஸ்டின் அறிக்கைக்குப் பத்து நாள் முன்பு. அது 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நடுவர் தன் முடிவுக்கான காரணத்தை மைதானத்திலேயே மைக்கில் சொல்லும் முறையும் பிறகு வந்தது. உருப்படியாக நடந்ததெல்லாம் கூட்ட அறையில் நடந்தது. எக்ஸ் பக்கத்தில் நடந்தது அபராதம் மட்டும்தான்.

இன்னொரு வாதமும் உண்டு. 'கிளப் வாயை மூடிக்கொண்டிருந்தால் நடுவர் அமைப்பு எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.' இதிலும் பாதி உண்மை. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை நினைத்துப் பாருங்கள். சுத்தமான கோல். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கினார். வீடியோ நடுவர் டேரன் இங்கிலாந்தோ, களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று தப்பாக நினைத்துக்கொண்டு 'சரிபார்த்தாயிற்று' என்று சொல்லிவிட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, கோல் போயே போச்சு. லிவர்பூல் அந்த அறையின் ஒலிப்பதிவைக் கேட்டது. மூன்றே நாளில் அது பொதுவில் வெளியானது. உலகமே அந்தக் குழப்பத்தைக் காதால் கேட்டது.

இங்கே வேலை செய்தது எது? 'நேர்மை குலைந்தது' என்ற வார்த்தை ஜாலமா? இல்லை. குறிப்பிட்ட ஒரு பொருளைக் கேட்டார்கள், கிடைத்தது. அதே லிவர்பூல் தன் அறிக்கையில், எல்லா வழிகளையும் ஆராய்வோம் என்றும் எழுதியிருந்தது. மறு ஆட்டம் நடக்கவில்லை, புள்ளியும் திரும்பவில்லை. 'பரிசீலிப்போம்', 'ஆராய்வோம்' என்று கிளப் எழுதினால், ஒன்றும் செய்யப்போவதில்லை என்று ரசிகன் படித்துக்கொள்வது உத்தமம்.

நடுவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. லிவர்பூலையும் அதன் மேனேஜர் கிளாப்பையும் கேவலமாகத் திட்டிய வீடியோ வெளியாகி, 2024 டிசம்பரில் டேவிட் கூட் என்ற நடுவர் வேலையை விட்டே நீக்கப்பட்டார். இத்தாலியில் 2006இல் நடுவர் நியமனத்தில் நடந்த தகிடுதத்தம் வெளியானபோது யுவென்டஸையே இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளினார்கள். கவனியுங்கள், இரண்டிலும் ஆதாரம் இருந்தது. ஒன்றில் வீடியோ, இன்னொன்றில் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சு. ஆதாரம் இருந்தால் புகார் கொடுக்க இடம் இருக்கிறது. இல்லாதபோது சந்தேகத்தை மட்டும் காற்றில் விட்டால், அது போய் இறங்குகிற இடம் வேறு.

எங்கே இறங்குகிறது? 2025 ஜனவரியில் ஆர்சனலின் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லிக்குச் சிவப்பு அட்டை காட்டினார் மைக்கேல் ஆலிவர். தவறான முடிவுதான், மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் அதற்குள் அவருக்கு வந்த மிரட்டல்களைப் போலீஸ் விசாரிக்க வேண்டியதாயிற்று. ஆலிவராவது பெரிய நடுவர், பாதுகாப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூங்கா மைதானங்களில் விசில் ஊதுகிறவர்களுக்கு? அடி, வசவு தாங்காமல், 2023 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோ பகுதியில் உள்ளூர் நடுவர்கள் நெஞ்சில் கேமரா மாட்டிக்கொண்டு இறங்கும் சோதனை தொடங்கியது. போலீஸ்காரர் மாட்டுகிற கேமராவை, பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு நடுவராக வருகிறவர் மாட்ட வேண்டிய நிலை! நாளைய நல்ல நடுவர் அந்தப் பூங்காவிலிருந்துதான் வர வேண்டும். அவரை விரட்டிவிட்டு 'தரமான நடுவர் இல்லையே' என்று அழுதால் எப்படி?

ஆக மொத்தம், ரசிகன் இரண்டு தடவை ஏமாறுகிறான். முதல் தடவை தப்பான தீர்ப்பால். இரண்டாவது தடவை, தன் கோபத்தை இரவல் வாங்கிக்கொண்டு 'உங்களில் ஒருவன்' என்று வேஷம் போடுகிற கிளப்பால். கத்துவது ரசிகன் உரிமை, ஏனென்றால் அவனிடம் ஓட்டு இல்லை. ஓட்டு வைத்திருக்கும் கிளப்புக்குக் கத்துவது வேலை இல்லை.

எனவே அடுத்த முறை உங்கள் கிளப் ஆவேசமாக ஓர் அறிக்கை விட்டால் (எந்த கிளப்பாக இருந்தாலும் சரி, விடத்தான் போகிறார்கள்), உடனே கைதட்டிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். குறிப்பாக என்ன கேட்கிறீர்கள்? எந்தக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக வைக்கப்போகிறீர்கள்? போன கூட்டத்தில் எதற்குக் கை தூக்கினீர்கள்?

மூன்றுக்கும் பதில் வந்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். வராவிட்டால், கடையின் பெயர்ப்பலகையை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். வாசலில் நின்று கத்துகிறவரின் பெயரும் அதில் எழுதியிருக்கும்.